வத்து

குப்பத்தில் அணி தொடங்கிப் பதினேழு நாள்.
தொப்பியில் சின்னம் பசையால் ஒட்டியது,
வேர்வை பட்டதும் ஒரு ஓரம் தூக்கிக்கொள்கிறது.
ஐந்து பேருக்குத் தமிழ், நால்வருக்குத் தெலுங்கு,
கீப்பருக்குக் கன்னடம்.
சுழல்காரன் பேசுவதே இல்லை.

'எஸ்', 'நோ', 'வெய்ட்', வேறு வார்த்தை கூடாது என்று
மூன்று மாலை கத்த வைத்தார் நூருல்லா சார்.
சரிதான்.
பந்து பாயிண்ட் பக்கம் ஓடும்போது
யார் வாயில் இருக்கிறது இங்கிலீஷ்?

நாற்பத்தொன்றில் இருந்தேன். எதிர்முனையில் ரெட்டெப்பா.
தட்டிவிட்டு நிமிர்ந்தேன்.
'வத்து!' என்று கத்தினான்.
வேண்டாம் என்கிறான், அவன் தெலுங்கில்.
வந்துடு என்று விழுந்தது என் காதில்.

பாதிப் பிட்ச்சில்தான் பார்த்தேன்,
தடுக்கும் அவன் உள்ளங்கையை,
கோட்டுக்குள் சுகமாகக் கிடந்த அவன் மட்டையை.
பின்னால் ஸ்டம்ப் விழுந்தது.
அதை யாரும் எனக்குப் பெயர்த்துச் சொல்லவில்லை.

ஸ்கோர் புத்தகத்தில் 'ரன் அவுட்',
எறிந்த கடப்பாக்காரன் பெயர்.
ரெட்டெப்பாவை எழுத அங்கே கட்டம் இல்லை.

இரவு வேனில், பலமனேர் தாண்டி,
முன் இருக்கையிலிருந்து
வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினான்.
முகம் பாராமல்
'வத்து' என்றேன்.

எழுந்து வந்து
பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.