முட்டுக்கல்

கினிகத்தேனை ஏற்றத்தில் வேனுக்கு மூச்சு வாங்குகிறது.
சந்தனம் இரண்டாம் கியருக்கு இறங்குகிறான்.
பின்னால் தட்டில் கரண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன.
சீனிப் போத்தலை மடியில் வைத்திருக்கிறேன்,
ஒருமுறை கவிழ்த்தாயிற்று, எறும்பு இன்னும் போகவில்லை.

பதினெட்டு வருடம் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிய வேன்.
சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்தோம்.
ஜன்னலோரத் தகரத்தில் யாரோ ஒரு பிள்ளை
கவராய முனையால் கீறிய பெயர் மட்டும் இருக்கிறது:
ரிஷானி.
நான் புரண்டு படுத்தால் ரிஷானி.

தராசில் நான் கடைசியாகக் கொழுந்து நிறுத்த மாதம்
லயத்துக் காம்பரா யார் பேரில் என்று கேட்டார்கள்.
எங்கள் பேரில் இருந்தது வேன் மட்டும்,
அதுவும் லீசிங் முடிந்து ஏழு மாதம்தான்.
கிராம சேவகர் முகவரிக் கோட்டின் மேல்
பேனாவை நிறுத்திக் காத்திருந்தார்.
சந்தனம் நம்பர் பிளேட்டைச் சொன்னான்.
அவர் சிரிக்கவில்லை.
எழுதவுமில்லை.

சண்டை வந்தால் போய் முகம் திருப்ப இன்னோர் அறை இல்லை.
ஒருவர் இறங்கி வேனைச் சுற்ற வேண்டும்.
மழையென்றால் மூன்று சுற்று,
வெயிலென்றால் ஏழெட்டு வரை போகும்.
வெலிமடையில் ஒரு கிழங்குத் தோட்டத்தோரம்
இருவருமே இறங்கி எதிரெதிராய் நடந்து
பின்கதவருகே முட்டிக்கொண்டோம்.
எதற்குச் சண்டை என்று இப்போது கேட்டால்
அவன் ஒன்று சொல்வான், நான் ஒன்று சொல்வேன்.

தலவாக்கலையில் தங்கச்சி ஞானம்
பாய் விரித்து, தலையணைக்குப் புது உறை போட்டு,
"வேன்ல படுத்தா சனம் என்ன சொல்லும்" என்றாள்.
வேனில்தான் படுத்தோம்.
இரவு இரண்டு மணிக்குக் கதவில் தட்டல்.
போர்வையோடு அவள்.
ஏறி, சில்லிட்ட பாதங்களை என் காலில் ஒட்டி,
கொழும்பிலிருந்து காசு வந்து
நாலு மாசம் ஆனதைச் சொன்னாள்.
வீட்டுக்குள் சொல்ல முடியாதாம், சுவர் மெல்லிசாம்.
இந்தத் தகரம் எவ்வளவு தடிப்பு என்று நான் கேட்கவில்லை.
சந்தனம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.
நிஜமாகத் தூங்கினால் அவனுக்குக் குறட்டை வராது.

நுவரெலியாவில் மகன்.
"கேட்டுக்கு முன்னால வேணாம்மா,
கீழ் வளைவுல போடுங்க, அங்கதான் தரை சமம்."
சமமில்லை.
பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க
எங்கிருந்தோ ஒரு கல்லை உருட்டி வந்தான் சந்தனம்,
பலாக்காய் அளவு.
மூன்று நாள், மேலே போய்க் குளித்தேன், சமைத்தேன்,
இருட்டியதும் டோர்ச்சோடு கீழே வந்தோம்.
மருமகள் ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து எட்டிப் பார்த்து
"கேர்ட்டன் வடிவா இருக்கு மாமி" என்றாள்.
அது அவள் கலியாணத்துக்கு நான் கட்டிய சேலை.
விடியப் புறப்பட்டபோது ஒரே பனி,
மகன் கை காட்டினானா தெரியவில்லை.

ராகலையில் சந்தனத்தின் அண்ணன்.
ஆறு வருடமாய்ப் பேச்சு வார்த்தை இல்லை.
வந்தார், முன்சீட்டைத் தூக்கினார்,
என்ஜினைப் பார்த்தார்.
"ஒயில் குடிக்குதா?"
"கொஞ்சம்."
இருவரும் அதன்மேல் குனிந்து
ஒரு மணித்தியாலம் நின்றார்கள்.
பிளேன்டீயை நான் இரண்டுதரம் சுட வைத்தேன்.

இன்றிரவு ஹப்புத்தளை.
நாளை மகள் வீடு, அங்கே நாய் இருக்கிறது,
வேனைக் கண்டால் டயரை நனைத்துவிடும்.
போனில் ஒரே ஒரு கோடு சிக்னல்.
மகன்.
சாப்பிட்டீங்களா என்றான்,
பிரேக் பிடிக்குதா என்றான்,
பிறகு சும்மா இருந்தான்.
"அம்மா, அந்தக் கல்லு.
மேல தூக்கியாந்து கேட்டுக்கிட்ட வச்சிருக்கேன்."
"எதுக்குடா?"
"அங்கயும் சரிவுதானே..."
லைன் அறுந்துவிட்டது.

என்னவாம் என்று கேட்கிறான் சந்தனம்.
குளிரா என்று கேட்டான் என்றேன்.
ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு
டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறான்,
காற்று கதவைப் பிடுங்குகிறது,
ரோட்டோர இருட்டில்
கல் தேடும் அவன் முதுகு
அங்கே தெரிகிறது, இங்கே தெரிகிறது.