குளிருக்கு ஒரு கட்டம்

ஊலு நகரம். ஜனவரி. மைனஸ் இருபத்தெட்டு.
சுலேவியின் சைக்கிள் கடைப் பின்னறையில்
டயர் வாசனைக்கு நடுவே ஒரு மேஜை,
ஐந்து பேர், இருபது முகப் பகடை ஒன்று,
நான் எழுதிய ஆட்டத்தின் முதல் பிரதி.

கொன்றால் பத்துப் புள்ளி என்று எழுதியிருந்தேன்.
ஒரே ஒரு வரி. அதுவும் அவசரத்தில், ஓரத்தில்.
கோடு போட்டேன், ரோடே போட்டுவிட்டார்கள்.
பல் மருத்துவர் ராகேல்,
ஊசி போடுமுன் மூன்று முறை மன்னிப்புக் கேட்பவள்,
ஆற்றுச் சுங்கச்சாவடியில்
பதினொரு பேரை வெட்டிச் சாய்த்தாள்.
கடந்துபோக அனுமதிச் சீட்டு
அவள் பையிலேயே இருந்தது.

"பேசிப் பார்த்திருக்கலாமே?"
"பேசினால் எத்தனை புள்ளி?"

தாளைப் புரட்டினேன்.
நாற்பது பக்கத்தில் பேச்சு என்ற சொல்லே இல்லை.

அந்த வரியை அடித்தேன்.
எண் இருக்கும் இடத்தில்தான் கண் நிற்கிறது,
சரி, எண்ணையே இடம் மாற்றுவோம் என்று
பாத்திரத் தாளில் பத்துச் சின்னக் கட்டம் வரைந்து
மேலே எழுதினேன்: குளிர்.
பத்தும் நிறைந்தால் பனியில் படுத்துவிட வேண்டும்.
அழிக்க ஒரே வழி:
நெருப்பு மூட்டி, பக்கத்தில் இருப்பவரிடம்
வெட்கப்படும் ஒன்றைச் சொல்வது.
சொன்னவருக்கு ஒரு கட்டம் குறையும்.

வாள்கள் உறைக்குள் போயின. எல்லோரும் விறகு பொறுக்கினார்கள்.
நான் என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தபோது
கணிதம் படிக்கும் ஒஸ்கு ஆரம்பித்தான்:
"ரொட்டி திருடினேன்.
அக்காவின் ரொட்டியையும் திருடினேன்.
திருடவில்லை என்று சத்தியம் செய்தேன்.
மூன்று கட்டம், அழித்துக்கொள்கிறேன்."
மளிகைப் பட்டியல் மாதிரி வெட்கங்கள்.
பத்தே நிமிடத்தில் அவனுக்குக் கோடைக்காலம்.
அவன் ஏமாற்றவில்லை.
நான் திறந்துவைத்த கதவு வழியாகத்தான் நுழைந்தான்.

கோபத்தில் பரிசை எடுத்துவிட்டேன்:
சொல்லலாம், சொன்னால் ஒன்றும் கிடைக்காது.
நால்வரும் நெருப்பைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனார்கள்.
அந்த நெருப்பை அரைப்பக்கம் வர்ணித்திருந்தேன்.
ஒருவரும் படிக்கவில்லை.

மார்ச்சில் ஒரு சொல்லை மாற்றினேன்.
சொன்னவருக்கு என்பதை அடித்து, கேட்டவருக்கு.
கேட்டவர் என்றால் கேள்வி கேட்டவரா,
காது கொடுத்தவரா என்று ஒஸ்கு
வக்கீல் மாதிரித் துருவினான்.
இரண்டும்தான் என்றேன்.

அன்று ராகேலுக்கு ஒன்பது கட்டம் நிறைந்திருந்தது.
ஆசை, வேறொன்றுமில்லை,
ஒரு கட்டம் அழிக்கும் ஆசை.
பனிவாரி வண்டி ஓட்டும் இல்போவின் பக்கம் திரும்பினாள்.
எட்டு மாதமாக எங்களோடு ஆடுகிறார்.
"நானும் வருகிறேன்", "உருட்டுகிறேன்",
இவை தவிர வேறு வாக்கியம் கேட்டதில்லை.

"உனக்கு எது உறுத்துகிறது, படகோட்டி?"

இல்போ பகடையைத் திருப்பித் திருப்பி வைத்தார்.
"கயிற்றை நான்தான் அவிழ்த்தேன்.
எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று நினைத்தேன்.
எண்ணிப் பார்க்கவில்லை."

படகோட்டி பேசினானா, இல்போ பேசினாரா என்று
கேட்கச் சொல்லி எந்த விதியும் இல்லை.
நாங்கள் கேட்கவில்லை.

"கரையில் நின்றவன் கூப்பிட்டானா?" என்றாள் ராகேல்.
இந்தக் கேள்விக்குக் கட்டம் கிடையாது. தெரிந்தே கேட்டாள்.
"கூப்பிட்டான். காற்று என்று நினைத்தேன்."

ரப்பர் அவள் கையிலேயே இருந்தது. அழிக்க மறந்துவிட்டாள்.
அடுத்த சுற்றில் பனிக்காற்று, எல்லோருக்கும் ஒன்று.
அவளுக்குப் பத்து.
தலையெழுத்து என் கையெழுத்தில் இருந்தது,
பக்கம் பதினேழு, விலக்கு எதுவும் கிடையாது.
வாயைத் திறந்தேன்.

இல்போ மேஜைமேல் எட்டி
அவள் கையிலிருந்த ரப்பரை வாங்கி
அவள் தாளில் ஒரு கட்டத்தைத் தேய்த்தார்.
தாள் கிழியுமளவு.
"கேட்டாள்" என்றார்.

அடுத்தவர் கட்டத்தை அழிக்கலாமா?
வீட்டில் பேனா எடுத்தேன், எழுதிவிடலாமென்று.
ஒஸ்குவின் முகம் ஞாபகம் வந்தது.
மூன்று வரி இடம் விட்டு மூடினேன்.

மே மாதம் அச்சகத்திலிருந்து போன்:
"பக்கம் பதினேழில் ஏதோ விட்டுப்போயிருக்கிறதே?"
ஆமாம் என்றேன்.