ஒற்றைக் கோடு

இரவு மூன்று மணிக்கே உடம்பு கொதித்தது.
விடுதியில் யாரையும் எழுப்பவில்லை.
எழுப்பி என்ன?
வகுப்புக்கு எண்பது சதவீதம் போதும், வார்டுக்கு நூறு.
அம்மைக்குப் போன பன்னிரண்டு நாளையே
ஞாயிறு ஞாயிறாய் அடைத்துக்கொண்டிருக்கிறேன்,
கந்துக்கடன் மாதிரி.

நிஷாந்தினி என் பின்னலை வலைக்குள் சுருட்டி
பதினோரு ஹேர்பின் குத்தினாள்.
ஒவ்வொன்றும் மண்டைக்குள் போய் நின்றது.
"மாஸ்க்க நல்லா மேல இழு.
கண்ணு செவந்திருக்கு, கீழ பாத்தே நட."
நல்லம்பள்ளி தாண்டும்போது
பனியில் நனைந்த ஜன்னல் கம்பி
நெற்றிக்கு இதமாக இருந்தது.
தொற்றுத் தடுப்புப் பாடத்தில்
நான் தொண்ணூற்றிரண்டு.

தர்மபுரி பெரியாஸ்பத்திரி, பெண்கள் வார்டு.
பதினேழாம் படுக்கை மாதம்மா, பாலக்கோட்டுப் பக்கம்.
டைபாய்டு முடிந்து இன்றைக்கு வீட்டுக்கு.
"தக்காளி பறிக்க ஆளில்ல பாப்பா,
மண்டியில இப்பதான் வெல ஏறுது"
என்று சிரித்தாள்.
போர்வெல் தண்ணீர் பழுப்பாக்கிய பல்.

அவளுக்குப் பார்த்த பிறகு
திரை மறைவில்
இன்னொரு தெர்மாமீட்டரை என் அக்குளில் வைத்தேன்.
நூற்றி இரண்டு புள்ளி ஆறு.
எழுதினேன்.
யாருடைய தாளில் என்று கை பார்க்கவில்லை.

ரவுண்ட்ஸில் டாக்டர் புருவம் சுருக்கினார்.
"திரும்ப ஏறிடுச்சே. இன்னிக்கு அனுப்ப வேணாம்.
ரத்தம் எடுங்க."
கட்டி வைத்திருந்த மஞ்சள் பையை
மாதம்மா மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளினாள்.
தன் கழுத்தைத் தானே தொட்டுப் பார்த்தாள்.
எழுதியிருந்தால்
இருக்கத்தானே வேண்டும்.

ஊசி நரம்பைத் தேடும்போதுதான்
"அது நான்" என்றேன்.
"என்னது நீ?" ரெஜினா சிஸ்டர்.
"அந்த நூத்திரெண்டு."

புறங்கையை என் கழுத்தில் வைத்து எடுத்தார்.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு பேனாவை நீட்டினார்.
"கிறுக்கி அழிக்காத. ஒத்தக் கோடு.
அடியில இருக்கறது படிக்கத் தெரியணும்.
பக்கத்துல கையெழுத்து, நேரம்."

மத்தியானம் பாலக்கோடு பஸ்ஸுக்கு மாதம்மா போய்விட்டாள்.
நான் நாலு மணி வரை நின்றேன்.
பதிவேட்டில் என் பெயருக்கு நேரே
வந்திருக்கிறாள் என்று மட்டும் இருந்தது.

எனக்குக் காய்ச்சல் அடித்ததற்கு
இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே சாட்சி
இன்னொருத்தியின் தாளில் இருக்கிறது,
ஒற்றைக் கோட்டுக்கு அடியில்,
படிக்கத் தெரிகிற மாதிரி.