பதினோரு விநாடி

டுலூத் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்
போர்வை அடுக்கும் அறைதான் எங்கள் ஒலிப்பதிவுக் கூடம்.
சுற்றிலும் கம்பளி. எதிரொலி கிடையாது.
ஹோதன் கவிழ்த்த வாளிமேல் உட்கார்வாள்,
நான் அழுக்குத்துணி வண்டியின் விளிம்பில்.
மைக்குக்கு ஒரு புதுக் காலுறை மாட்டியிருக்கிறோம்.
பேஜர் அலறினால் ஒருத்தி ஓடவேண்டும்.

முப்பத்தேழாம் பகுதி: சோடியம் குறைந்தால்.
கேட்பவர்கள் எங்களைப் போல பயிற்சி டாக்டர்கள்,
இரவுப்பணி முடித்து
கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டே
பாதித் தூக்கத்தில் பாடம் கேட்கிறவர்கள்.

"ஐம்பத்தெட்டு வயது ஆண்" என்று தொடங்கினேன்.
அப்படித்தான் தொடங்கவேண்டும்.
பெயர் இல்லை, ஊர் இல்லை,
சம்மதக் கையெழுத்து மட்டும் என் லாக்கரில்.
இளைத்திருந்தார். எழுந்தால் தலைசுற்றல்.
சோடியம் நூற்று இருபத்தொன்று.
பொட்டாசியம் கொஞ்சம் அதிகம்.
ரத்த அணு குழாயில் உடைந்திருக்கும் என்று
அதைத் தள்ளிவிட்டவள் நான்.
குடிக்கும் தண்ணீரை நாளுக்கு ஒரு லிட்டராகக் குறைத்தேன்:
வேறொரு வியாதிக்கு மிகச் சரியான வைத்தியம்.

மூன்று நாளும் அவர் மனைவி சொன்னார்,
ஊறுகாய் ஜாடித் தண்ணீரை
மனுஷன் மடக்மடக்கென்று குடிக்கிறார் டாக்டர்.
சிரித்தேன்.
குறிப்பேட்டில் எழுதினேன்: பசி மந்தம்.

நான்காம் நாள் விடியலில்
ரத்தம் எடுக்க வந்த க்ளெட்டஸ்தான் கேட்டான்,
ஃப்ளோரிடா போய் வந்தீங்களா, இப்படிக் கறுத்திருக்கீங்க?
வெளியே மைனஸ் இருபத்தாறு.
ஏரி கண்ணுக்கெட்டியவரை இறுகிக் கிடந்தது.
பிப்ரவரியில் இந்த ஊரில் யார் வெயில் விற்கிறார்கள்?
கையை விரிக்கச் சொன்னேன்.
ரேகைகள் எல்லாம் பென்சிலால் அழுத்தி வரைந்தது போல.

இந்த இடத்தில் ஹோதன் கேட்டாள், மைக்கிலேயே:
"நாலு நாளும் அந்தக் கையைப் பிடித்துத்தானே நாடி பார்த்தாய்?"
எழுதி வைத்த கேள்விகளில் இது இல்லை.

நான் பேசவில்லை.
போர்வைகளும் பேசவில்லை.

பிறகு பேசினேன், அட்ரீனல் சுரப்பி பற்றி,
கார்ட்டிசால் பற்றி, உடனே போடவேண்டிய ஊசி பற்றி,
அன்று சாயங்காலமே அவர் எழுந்து உட்கார்ந்து
செய்தித்தாள் கேட்டது பற்றி.

ராத்திரி லேப்டாப்பில் வெட்டி ஒட்டும் வேலை.
தும்மலை எடுத்தோம். நாற்பது "ம்"களை எடுத்தோம்.
திரையில் ஒரு நேர்கோடு. பதினோரு விநாடி.
"ஆப் பழுது என்று நினைப்பார்கள், எடுத்துவிடு" என்றேன்.
ம் என்றாள் ஹோதன்.
எடுக்கவில்லை என்பது
மறுநாள் காரில் கேட்டபோதுதான் தெரிந்தது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கலாம்.
தண்ணீரையும் நிறுத்தியவளை?

மூன்று வாரம் கழித்து அவரே அழைத்தார்,
பனிக்கட்டிமேல் போட்ட மீன்பிடிக் குடிசையிலிருந்து.
முழுசும் கேட்டேன், டாக்டர்.
நடுவில் போன் செத்துப்போச்சுன்னு
ரெண்டு தட்டு தட்டினேன்.
எல்லாம் சரி. ஒரு தப்பு.
ஊறுகாய்னு சொன்னா எல்லாரும் வெள்ளரிக்காய்னு நினைப்பாங்க.
எங்க வீட்டுல அது கிடையவே கிடையாது.
அது ஹெர்ரிங் மீன் ஊறின தண்ணி. மாத்திச் சொல்லிடுங்க.

மாற்றிச் சொல்கிறேன் என்றேன்.
பின்னாலிருந்து ஒரு குரல், காற்றோடு சேர்ந்து:
மூணு நாள் இல்லே, நாலு நாளும் சொன்னேன்.
நாலாம் நாள் அவங்க அறைக்குள்ளேயே வரலே,
நர்ஸ்கிட்டே சொல்லி அனுப்பினேன்.

முப்பத்தெட்டாம் பகுதி சிறுநீரகக் கல்.
அதற்கு முன் இரண்டு திருத்தங்கள் என்று தொடங்கினேன்.
ஒன்று, ஹெர்ரிங்.
இரண்டு சொல்வதற்குள் பேஜர் அலறியது.
ஹோதன் எழுந்த வேகத்தில் வாளி உருண்டது,
காலுறையோடு மைக் விழுந்தது.
குனிந்து எடுத்து,
கதவு சாத்தும் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்து
நான்கு நாள் என்றேன்.