நாலுமுக்கில் ஒரு ராத்திரி

கல்லிடைக்கும் பாபநாசத்துக்கும்
டிரிப் அடித்த மினிபஸ்தான்.
சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டாச்சு.
குளிருக்கு அதெல்லாம் தெரியவா போகுது?
டிக்கெட் இல்லாமல் ஏறுது,
தகரம் வழியா.

பின்கதவு இடுக்கில்
என் பழைய கைலியைத் திணித்தாள் ஜெபராணி.
கண்ணாடி இல்லாத ஜன்னலுக்கு
‘அம்பை வழி’ போர்டு.
வெந்நீர் ரெண்டு பாட்டில்,
ஆளுக்கொன்று, கால்மாட்டில்.

அடுப்பு எரியட்டுமே என்றாள்.
அணைத்தேன்.
டிரைவர் பக்கக் கண்ணாடியை
ஒரு விரல் அளவு இறக்கியும் வைத்தேன்.
கோவித்துக்கொண்டு திரும்பிப் படுத்தவள்

மூணு மணிக்கு,
பாட்டில் ரெண்டும் ஆறிப்போனபின்,
என் வயிற்றில் கொண்டுவந்து வைத்தாள்
ஐஸ் கட்டியாய்
இரண்டு பாதம்.

விடியும்போது
கூரையில் கோத்திருந்த எங்கள் மூச்சு
சொட்டி விழுந்தது அவள் நெற்றியில்.
‘மழை பெய்யுதோ’ என்றாள்
கண் திறக்காமல்.