மரத்த உதடு

இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லை டாக்டர் ரெபேக்கா
தட்டில் போட்டபோதுகூட
யார்னி ஹலாவா அழவில்லை.
பஞ்சைக் கடித்தபடி எழுந்தவள்
கண்ணாடி முன் நின்று எதையோ சொல்லிப் பார்த்தாள்.
வரவில்லை. மறுபடி. வரவில்லை.
அப்போதுதான் கண் கலங்கியது.

“எப்போ சரியாகும்?”
இரண்டு மூன்று மணி நேரம். பேசாதே, பஞ்சு விழும் என்றேன்.
பேசினாள்.

முத்தோரை உருளைக்கிழங்குப் பண்ணையில் பயிற்சி,
வந்து ஐந்து மாதம்.
ஊர், சுமத்ராவுக்கு மேற்கே நியாஸ் தீவின் தென்கோடி.
அங்கே எந்தச் சொல்லும் வாயை மூடிக்கொண்டு முடியாதாம்.
கடைசியில் ஓர் உயிர் நிற்கும்.
“நீங்களும் அப்படித்தானே?
பஸ்ஸு, சோப்பு, கேக்கு.”
பில் எழுதிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
தண்ணீருக்கு அவர்கள் சொல் இதனோ;
அந்தக் கடைசி எழுத்து நம் ஓ இல்லை.
‘அது’ என்று முடிக்கும்போது
உதடு குவியாமல் நழுவுமே ஓர் உகரம்,
அதற்குப் பக்கத்து வீடு.

ஊர், தனியே நின்றால் பனுவா.
வாக்கியத்துக்குள் போய் வேற்றுமை ஏற்றால்
முதலெழுத்து நிறம் மாறும்:
இரண்டு உதடும் ஒட்டி, அதிர்ந்து, பிரியும்.
பில்லின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்: ப்ர்ர்.
தப்பு. நாக்கு புகுந்துவிட்டது.

இப்போதைக்கு வெறும் ஊர் என்று சொல்லேன் என்றேன்.
“அது யாரோட ஊரோ மாதிரி இருக்கு.”

நாலு மணிக்குச் சேரிங் கிராஸ் மறைந்து
படிக்கட்டு வழியே பனி உள்ளே வந்தது.
காந்தலிலிருந்து வந்த ஒரு பையன், மூன்று வயது இருக்கும்,
பெஞ்சின் கைப்பிடியில் தீப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.
பஸ் மேடு ஏறியது.
உதட்டாலேயே கியர் மாற்றினான், எச்சில் தெறிக்க.
யார்னி பஞ்சைக் கையில் எடுத்துவிட்டு
அவன் வாயையே பார்த்தாள்.
“பயப்படாதே, அவளுக்குப் பல் வலி” என்று
அவன் அம்மா அவனை மடிக்கு இழுத்தாள்.
பஸ் நின்றுபோனது.

ஐந்தே முக்காலுக்கு மறுபடி கண்ணாடிக்குப் போனாள்.
கீழுதட்டை விரலால் கிள்ளினாள். வலித்தது போலிருக்கிறது,
சிரித்தாள்.
பிறகு சொன்னாள்.
காலையில் நான் துடைத்த கண்ணாடியில்
வெளிர்சிவப்பாய்ச் சில துளி.

துணியை எடுத்தேன்.
என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கலாம்.
வாக்கியம் இன்னும் முடியவில்லை.