ஒன்றரை மாத்திரை

உடைந்தவை இருபத்து மூன்று.
சம்பளத்தில் கழித்த கணக்கு,
பிழைக்க வழியில்லை.

மொன்றியல், சென் அந்துவான் தெரு,
ரயில் பாதைக்குக் கீழே ஒரு நிலவறை.
தொண்ணூற்று மூன்று, மாசி மாதம்.
வந்து நாலு மாதம் எனக்கு.
கோப்பை கழுவுகிற வேலை.
பிரெஞ்சில் மூன்று சொல் தெரியும்:
சூடு, தள்ளு, மன்னிக்கவும்.

மேடையில் எவர்ட்டன் அலேன்.
ரயிலில் கனவான்களுக்குப் படுக்கை விரித்த
பார்படோஸ்காரர் ஒருவரின் மகன்.
சாக்ஸபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
ஏதோ ஒரு பாட்டை
அதன் வீட்டிலிருந்து வெகுதூரம் கூட்டிப் போயிருந்தார்.
பின்னால் ஒடீல்,
ட்ரம்ஸின் தோலைத் தடவிக்கொண்டு,
அடிக்கலாமா என்று அதனிடமே கேட்கிறவள் மாதிரி.

ஈரச் சப்பாத்து. நனைந்த படி.
தட்டம் என் கையை விட்டுப் போனது.

கண்ணாடி உடைந்தால் நிலத்தில் படு.
இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.
ஊரில் எல்லாரும் படுத்தார்கள், நானும் படுத்தேன்,
உடம்பு பாடமாக்கி வைத்திருந்தது.
எழும்பிப் பார்த்தால்
நான் ஒரு மேசைக்குக் கீழே,
யாரோ ஒரு பெண்ணின் பனிச்சப்பாத்துக்குப் பக்கத்தில்.

வாத்தியங்கள் நின்றிருந்தன.

எவ்வளவு நேரம் என்று பிறகு அளந்திருக்கிறேன்.
கண் ஒருமுறை இமைத்து, மறுபடி பாதி இமைக்கும் நேரம்.
குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை:
'கல்' என்று சொல்லி முடிக்கிற நேரம்.
எறிகிற கல்லா, படி என்கிற கல்லா,
மாத்திரை அதைக் கேட்பதில்லை.

இருபத்து நாலாவது கோப்பை உடையவில்லை.
தரையில் உருண்டது, வளைந்து வளைந்து,
மேடைக் காலில் முட்டி நின்றது.
அலேன் அதைப் பார்த்தார்.
அது உருண்ட மாதிரியே
ஒரு வரி ஊதினார்,
கடைசியில் அந்தச் சின்ன முட்டலோடு.
ஒடீல் சிரித்துவிட்டாள். பாட்டு மறுபடி நடந்தது.

இடைவேளையில் குசினிக்கு வந்து
அதே கோப்பையில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.
எங்கள் இருவருக்கும் பொதுமொழி இல்லை.
கோப்பையை அவரே கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

அந்த இரவு இசைத்தட்டாக வந்தது.
ஒலிப்பதிவாளர் கவனமானவர்:
உடைந்த சத்தத்தை வெட்டி எடுத்தார்,
மௌனத்தை விட்டுவைத்தார்.

இப்போது பல்கலைக்கழக இசைக் கட்டடத்தில்
இரவுத் துப்புரவு எனக்கு.
நாலாம் இலக்க அறையில்
சாஸ்கட்டூன்காரி ஒருத்தி, டாரியா ஹவ்ரிலுக்.
ஊதிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நின்றாள்.
சரியாக. 'கல்.'
பிறகு உருளல். பிறகு முட்டல்.
துடைப்பத்தை நான் சுவரில் சாய்த்தேன்.

அலேன் போய்ப் பதினொரு வருடம்.
அவர் தட்டைக் கேட்டுப் படித்தவர்கள் எல்லாரும்
அந்த இடத்தில் நிற்கிறார்களாம்.
இறந்த தாய்க்கான அஞ்சலி என்று
யாரோ ஆய்வுக்கட்டுரை எழுதிப் பட்டமும் வாங்கியாயிற்று.

அது என் தட்டம், என்றேன்.

நம்பினாளா தெரியாது.
எந்தச் சுரத்தில் உடைந்தது என்று கேட்டாள்.
தெரியாது, நான் மேசைக்குக் கீழே.
மேசைக்குக் கீழே என்ன கேட்டது?

முப்பது வருடத்தில்
நீதிமன்றம்கூட என்னிடம் கேட்காத கேள்வி.
பதில் சொல்ல வரவில்லை.
முழங்கால் மடித்துக் குனிந்து காட்டினேன்,
இடுப்பு நோவோடு, பாதி வரைக்கும்.

அடுத்த திங்கள் கதவுக் கண்ணாடியால் பார்க்கிறேன்:
அந்த இடம் வந்ததும்
அவள் முழங்கால் கொஞ்சம் மடிகிறது,
தலை தாழ்கிறது,
பிறகு நிமிர்ந்து, உருளல்.
எதிரே ஹாலிஃபக்ஸ் பையன் ஒருவன்
அவள் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

தடுக்கலாமா என்று நினைத்தேன்.
ஐந்தாம் மாடி இன்னும் கூட்டவில்லை.